சத்தியசீலன் சரிசெய்த பேஸ் கிதார்

நரசிம்மலு யாரையும் ‘வா, போ’ என்று பேசி நான் கேட்டதே இல்லை. கழுத்தை அறுப்பதாக இருந்தாலும், “சித்த இப்படித் திரும்புங்க” என்று மரியாதையாகச் சொல்லித்தான் அறுப்பார். நாமும் திரும்பிக் கொடுப்போம். கோயமுத்தூரில் அவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் தொண்ணூறுகளில் நான் பெண்குரல் பாடிக்கொண்டிருந்தேன். பகலில் கணபதியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை, சாயங்காலம் மைக். அந்த மனிதர் அறுத்த கழுத்துகள் எத்தனையோ. அதில் ஒன்றை மட்டும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அது சத்தியசீலன் அண்ணனுடைய கழுத்து.

சத்தியசீலன் அண்ணன் எங்கள் குழுவில் பேஸ் கிதார். பகலில் மோட்டார் காயில் கட்டும் வேலை. அந்தக் கடை எங்கள் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிர்வரிசையிலேயே இருந்தது. எரிந்துபோய் வரும் கிணற்று மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார். எத்தனை சோப்புப் போட்டாலும், காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாசம் அவர் மேலிருந்து போகாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்தால் பிரசங்கம் காதில் ஏறாது, வார்னிஷ்தான் மூக்கில் ஏறும். கிதார் பழகியது அந்த சர்ச் பாடகர் குழுவில்தான். யாரும் சொல்லித்தரவில்லை, கேட்டுக் கேட்டே வந்துவிட்டது. கடையில் ஓடுகிற மோட்டாரைக் காட்டி, “இந்த உறுமலும் பேஸோட மெல்லிசான தந்தியும் கிட்டத்தட்ட ஒரே சுதிங்க அம்மணி” என்றார் ஒருநாள். சும்மா கதை விடுகிறார் என்று நினைத்தேன். வாயால் பாடிக் காட்டினார். மனுஷன் சொன்னது சரிதான்.

ஆனால் சுத்த வாயில்லாப் பூச்சி. கடை முதலாளி திட்டினாலும் சிரிப்பார், வீட்டில் அவர் சம்சாரம் அற்புதம் அக்கா திட்டினாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த பேஸ் கிதார் அவருடையதில்லை. நரசிம்மலு வாங்கிப்போட்டது. கச்சேரி முடிந்ததும் பெட்டிக்குள் படுத்து நரசிம்மலு வீட்டுக்குப் போய்விடும். வாரத்தில் ஒரு சாயங்காலமோ இரண்டு சாயங்காலமோதான் அண்ணனுக்கு அதைத் தொடக் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் அவர் மோட்டாரோடு மல்லுக்கட்டினார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, சினிமாகூடக் கிடையாது. இது ஒன்றுதான்.

தொண்ணூற்றாறு தை மாதம். பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு. நடுப்பாட்டில் பேஸ் நின்றுபோனது. நின்றிருந்த பலகையை யாரோ உருவியது மாதிரி இருந்தது எனக்கு. திரும்பிப் பார்த்தால் அண்ணன் தந்தியை இழுக்கிறார், ஆம்ப்ளிஃபயரிலிருந்து மூச்சுகூட வரவில்லை. ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். குமிழைத் திருகினார். ம்ஹூம். பாட்டு முடிந்ததும் நரசிம்மலு என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! நம்ம பேஸ் கிதார் சத்தியசீலன் அவருங்க இன்னைக்கு மௌன விரதமுங்க. அவருக்கு ஒருக்கா பலமா கைத்தட்டுங்க!”

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணன் கிதாரைக் கழற்றப் போனார். நரசிம்மலு பக்கத்தில் போய், “எறங்கிப் போயிராதீங்க. இத்தன ஆளுன்னு சொல்லித்தான் கச்சேரி ஒத்துக்கிட்டதுங்க. சும்மா வெரல ஆட்டீட்டு நில்லுங்க” என்றார். மீதிக் கச்சேரி முழுக்க அண்ணன் செத்த கிதாரை மாட்டிக்கொண்டு விரலை ஆட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பாட்டு முடிந்தபோதும் நரசிம்மலு விடவில்லை. “விரதம் முடிஞ்சுதுங்களா?” என்று மைக்கிலேயே விசாரித்தார். கேட்ட போதெல்லாம் சிரிப்பு. அண்ணனும் சேர்ந்து சிரித்தார், அதுதான் கொடுமை.

அடுத்த ஒத்திகைக்குப் போனபோது கிதார் பெட்டி நரசிம்மலு வீட்டு வாசலிலேயே இருந்தது.

“மாசித் தேருக்குக் காரமடையில நம்ம கச்சேரிங்க” என்றார் நரசிம்மலு. “அதுக்குள்ள இதச் சரி பண்ணிக் கொண்டாங்க சத்தியசீலன். சரியாச்சுன்னா உங்க எடம் உங்களுக்குத்தானுங்க. ஆகலைன்னா வேண்டாமுங்க, நீங்க மோட்டாரே கட்டீட்டு இருங்க.”

இதைக் கேட்டால் மனுஷனுக்கு ரோஷம் வரவேண்டாமா? அண்ணனுக்கு முகமெல்லாம் பல். கிதாரைக் கடைக்கு எடுத்துப் போகலாம், பகலெல்லாம் பக்கத்தில் வைத்திருக்கலாம் என்பதே அவருக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது. பெட்டியை சைக்கிள் கேரியரில் வைத்து, வேட்டி கிழித்த துணியால் கட்டி, தள்ளிக்கொண்டே கணபதி வரைக்கும் நடந்தார்.

மத்தியானம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நான் அந்தக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். முதலில் வேறு ஒயர் போட்டுப் பார்த்தார். பிறகு ஒயர் சொருகும் துளையைக் கழற்றிப் புதிதாகப் பற்ற வைத்தார். பிறகு குமிழை மாற்றினார். எதற்கும் அசையவில்லை. சர்ச்சிலிருந்து இரவல் வாங்கிவந்த ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு, தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பின் மேல் ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் தட்டினார். “உசுரு இருந்தா டொக்குன்னு கேக்கோணுமுங்க” என்றார். கேட்கவில்லை. பிக்கப் என்பது வேறொன்றுமில்லை, நாலு காந்தக் குச்சிகளைச் சுற்றிக் கட்டிய காயில். மேலே தந்தி அதிர்ந்தால் அந்த அதிர்வை அதுதான் பிடித்துக் கொடுக்கும். மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் படுத்த இடத்தைவிட்டு எழவே இல்லை.

“உள்ளுக்குள்ள கம்பி அந்து போச்சுங்க” என்றார்.

மூடியைக் கழற்றியதும் தெரிந்தது. வருஷக்கணக்கில் வேர்வை இறங்கி, கம்பி பச்சை பூத்துப் பொடிந்துபோயிருந்தது. முழுக்கப் பிரித்துப் புதிதாகச் சுற்றுவதுதான் வழி. மோட்டாருக்குச் சுற்றும் கம்பி துடைப்பக் குச்சி மாதிரி என்றால் இது தலைமுடியைவிட மெல்லிசு. மீட்டர் ரிப்பேர்க்காரர்கள் வாங்கும் கம்பி அது. காந்திபுரமெல்லாம் அலைந்து ஒரு சுருள் பிடித்துக்கொண்டு வந்தார். ஃபேன் காயில் சுற்றும் கைமெஷினில் பிக்கப்பை மாட்டினார். காற்றுப் பட்டால் கம்பி அறுந்துவிடும் என்று கடை ஃபேனை நிறுத்திவிட்டார். எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. சூலூர்ப் பக்கத்திலிருந்து மோட்டார் கொண்டுவந்து காத்துக்கிடந்த ஒரு விவசாயிக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, என்ற வாழை அங்க காஞ்சு சாகுதுங்க. நீங்க இங்க வீணைக்குச் சடை பின்னீட்டு இருக்கறீங்களா?”

“ஆச்சுங்க, ஆச்சுங்க” என்றார் அண்ணன், மூச்சை அடக்கிக்கொண்டு. அந்த நேரம் பார்த்துக் கம்பி அறுந்தது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

ஒருவழியாகச் சுற்றி முடித்தார். அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. உலகத்தில் வேறு எந்தக் கிதார்க்காரனும் செய்திருக்க மாட்டான். காயில் கட்டுகிறவன் மட்டும்தான் செய்வான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். கட்டி முடித்த காயில் எதுவானாலும் குரோலரில் ஏறி இறங்காமல் வாசலைத் தாண்டாது. குரோலர் என்பது கரண்டு கொடுத்தால் உறுமும் ஒரு இரும்புக் கட்டை. அதன் மேல் காயிலை வைத்து, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றை மேலே பிடிப்பார்கள். உள்ளே கம்பியோடு கம்பி ஒட்டியிருந்தால் பிளேடு கடகடவென்று அதிர்ந்து காட்டிக்கொடுக்கும். அண்ணன் பிக்கப்பை அதில் வைத்து ஸ்விட்சைப் போட்டார். பிளேடு முதலில் காந்தக் குச்சியில் ஒட்டிக்கொண்டு படபடத்தது, அப்புறம் அடங்கிவிட்டது.

“பாத்தீங்களா அம்மணி, எங்கயும் ஒட்டலீங்க. சுத்தமா இருக்குது.”

கிதாரில் மாட்டித் தந்தியை இழுத்தார். கொசு பாடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மீட்டர் காயில் சரியென்றது, காது இல்லையென்றது. சுற்று குறைந்துவிட்டது போல என்று அவராக முடிவுகட்டிக்கொண்டு, அத்தனையையும் அறுத்து எறிந்துவிட்டு மறுபடி சுற்றினார். மறுபடி குரோலர். இந்தத் தடவை சந்தேகம் தீரவேண்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மாட்டிப் பார்த்தால் அந்தக் கொசுவும் செத்துப்போயிருந்தது.

மாசி பிறந்துவிட்டது. காரமடையில் தேருக்கு முகூர்த்தக்கால் நட்டாகிவிட்டது என்று நரசிம்மலு ஒத்திகையில் சொல்லிக்காட்டினார். “என்னுங்க, கிதாருக்குக் காது குத்தியாச்சுங்களா?” என்று அண்ணனிடம் விசாரித்தார். கீபோர்டு வாசிக்கும் கிளமென்ட் களுக்கென்று சிரித்தான். அவனுக்குப் புதுசாக ஒரு பெரிய கீபோர்டு வந்திருந்தது. அதில் புல்லாங்குழல் வரும், வயலின் வரும் என்று எங்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். சர்ச்சில் அற்புதம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தூக்கத்துலயும் கம்பி சுத்தறாப்புல வெரலச் சுத்தறாருங்க கண்ணு. சோத்துத் தட்டுல கை வெச்சா எடுக்க மாட்டேங்கறாரு. அந்தச் சனியன ஆத்துல வீசீட்டு வாங்கன்னா சிரிக்கிறாரு.”

மூன்றாம் முறை பிரிப்பதற்காக மூடியைக் கழற்றும்போது ஒரு குட்டி ஸ்க்ரூ கை தவறி பிக்கப்பின் மேல் விழுந்தது. விழுந்து, உருண்டு, கீழே போனது. அண்ணன் அப்படியே நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் அந்த ஸ்க்ரூக்கள் எட்ட இருக்கும்போதே தாவிப்போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், எடுப்பதே பாடு. இப்போது எடுத்துக் குச்சியின் மேலேயே வைத்தார். பிக்கப்பைக் கவிழ்த்தார். ஸ்க்ரூ விழுந்தது.

“ஐயோ கர்த்தரே” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். “குரோலருங்க அம்மணி. நானே கொன்னுபோட்டனுங்க.”

விஷயம் இதுதான். குரோலரில் ஓடுகிற கரண்டு முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் காந்தத்தை வைத்தால் காந்தத்தின் சத்து போய்விடும். கிணற்று மோட்டாருக்குள் இந்த மாதிரிக் காந்தம் கிடையாது, அதனால் இருபது வருஷமாக அவருக்கு அந்த யோசனையே வரவில்லை. கம்பியைச் சரியாகத்தான் சுற்றியிருக்கிறார். சுற்றிய கையோடு கொண்டுபோய்க் காந்தத்தைக் கொன்றிருக்கிறார். அதுவும் இரண்டு தடவை.

“அட கிறுக்கு அண்ணா!” என்று கத்திவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு மேலே திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கோட்டைமேட்டில் அமீர் ஹம்சா பாய் மொபெட்டுகளுக்கு மேக்னட் சார்ஜ் போட்டுக்கொடுப்பார். சத்து இறங்கிப்போன காந்தத்துக்குத் திரும்ப சத்து ஏற்றும் வேலை. நானும் கூடப் போனேன், தனியாக விட்டால் இந்த மனுஷன் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார் என்று. பாய் பிக்கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எப்படிங்க இந்தக் கதிக்கு ஆச்சு?”

“குரோலர்ல வெச்சுட்டனுங்க பாய்.”

பாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை. எதிர்க்கடைக்காரர்களைக் கூப்பிட்டார். “இங்க வாங்கப்பா! காந்தத்தக் கொண்டுபோயி குரோலர்ல வெச்ச மகராசனப் பாருங்க! காயில் கட்டறவராம்!” நாலைந்து பேர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். “ரெண்டு தடவ வெச்சனுங்க” என்று அண்ணனே எடுத்துக்கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “சிரிச்சது போதுமுங்க பாய், வேலையப் பாருங்க” என்றேன். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தடித்த இரும்புக் கால்களுக்கு நடுவில் பிக்கப்பை நிறுத்தி, ஸ்விட்சைத் தட்டினார். டப் என்று ஒரு சத்தம், கடை பல்பு மங்கி எரிந்தது. எடுத்துக் கொடுத்தார். அண்ணன் சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூவைக் கிட்டே கொண்டுபோனார். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டியது.

கடைக்குத் திரும்பி, மாட்டி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டுத் தடித்த தந்தியை ஒருமுறை இழுத்தார். அப்பா! மேலே கூரைத் தகரம் அதிர்ந்தது. மேஜையில் இருந்த நட்டு போல்ட்டெல்லாம் நகர்ந்தது. பழைய பிக்கப்புக்கு இந்தக் குரல் கிடையாது. இது அடிவயிற்றிலிருந்து வந்தது. நான் அழுதுவிட்டேன், வெட்கமெல்லாம் எனக்குக் கிடையாது. அண்ணன், “காரமடைக்கு ஆச்சுங்க அம்மணி, காரமடைக்கு ஆச்சு” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர் அன்றைக்கு மத்தியானமே காரமடை போய்விட்டோம். வெயில் தாழ்வதற்குள் மேடையில் சாமானெல்லாம் ஏறிவிட்டது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். கிதாரை மாட்டிக்கொண்டு சுதி சேர்த்துவிட்டு நாலு சுரம் வாசித்தார். நரசிம்மலு கீழிருந்து தலையை ஆட்டினார்.

“அருமைங்க! அருமை! நாஞ் சொல்லல? காயில் கட்டறவருக்கு இதென்ன பெரிய வேலை?” என்றவர், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரைக் கைகாட்டினார். “இவரு ஈரோட்டு வேங்கடசாமி அண்ணனுங்க. சொந்தமாக் குழு வெச்சிருக்காரு. இவருக்கு நல்லா ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க.”

“எதுக்குங்க?” என்றார் அண்ணன்.

“கிதார அவரு வாங்கீட்டுப் போறாருங்க. தைக்கு முன்னயே பேசினதுதானுங்க. அந்தக் கெரகம் புடிச்ச பிக்கப்பு போனதாலதான் இழுத்துட்டுக் கெடந்துது. இனி பேஸெல்லாம் கிளமென்ட் தம்பி எடது கைலயே வாசிச்சுப்போடுவாருங்க. அந்தப் புது மிசின்ல எல்லாமே இருக்குதுங்க.”

கிளமென்ட் கீபோர்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டான். எங்கள் யாருக்கும் இது தெரியாது, அவனைத் தவிர.

“சரி பண்ணுனா என்ற எடம் எனக்குன்னு சொன்னீங்களே” என்றார் அண்ணன்.

“சொன்னனுங்க. இப்ப இல்லீங்கறனுங்க.”

“அப்ப இத நானே வாங்கிக்கறனுங்களே.”

“நீங்க வாங்கி என்னங்க பண்ணப்போறீங்க? மோட்டாருக்குத் தாலாட்டா?” நரசிம்மலு சிரித்தார். “அவருக்கு வாக்குக் குடுத்தாச்சுங்க. பெரியவரு நிக்கறாரு பாருங்க, வாசிங்க.”

வேங்கடசாமி நல்ல மனிதர். அவருக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓடிப்போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அண்ணனைப் பார்த்துச் சைகை காட்டினேன். குமிழைத் திருகு! ஒயரைத் தளர்த்து! கரகரவென்று ஒரு சத்தம் வந்தால் போதும், பெரியவர் எழுந்து போய்விடுவார். அண்ணன் என்னைப் பார்த்தார். நன்றாகவே புரிந்துகொண்டார். பிறகு குனிந்து வாசிக்க ஆரம்பித்தார்.

அந்த மாதிரி அவர் வாசித்து நான் கேட்டதில்லை. பாட்டில்லை, தாளமில்லை, பேஸ் மட்டும். பந்தல் போட்டுக்கொண்டிருந்தவன் சுத்தியலைக் கீழே வைத்தான். முடிந்ததும் வேங்கடசாமி கண்ணைத் திறக்காமலே, “இன்னொருக்கா வாசிங்க தம்பி” என்றார். இன்னொரு முறையும் வாசித்தார். “இந்தப் பிக்கப்ப யாருங்க கட்டுனது?” என்று கேட்டார். நாந்தானுங்க என்றார் அண்ணன். “நல்லாக் கட்டியிருக்கறீங்க. எங்கிட்ட வாசிக்க ஆள் இருக்குதுங்க, இல்லாட்டி உங்களையும் கூட்டீட்டுப் போயிருவேன்.” அண்ணன் தன் கைக்குட்டையால் கிதாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். “வாசிச்சு முடிச்சதும் வேர்வையத் தொடைச்சுப்போடச் சொல்லுங்க” என்று பெட்டியை அவர் காரில் ஏற்றிக்கொடுத்தார்.

கார் போனதும் நரசிம்மலு கூப்பிட்டார். “வந்தது வந்துட்டீங்க, இந்த ஒயரெல்லாம் இழுத்துக் கட்டிக் குடுத்துட்டு, அன்னதானத்துல சாப்பிட்டுப் போங்க.” அண்ணன் அதையும் செய்தார். மேடைக்கு அடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏண்ணா, உங்களுக்குச் சூடு சொரணை இருக்குதா? ஒரு குமிழத் திருகுனா ஆகாதா? உங்க கையாலயே உங்களுக்குக் குழி தோண்டீட்டீங்களே!”

“அம்மணி” என்றார். “எட்டு வருசமா மேடையில நிக்கறனுங்க. கண்ண மூடீட்டு, இது ஒண்ண மட்டும் கேட்டவரு அவரு ஒருத்தருதானுங்க. அவருகிட்டப் போயி எப்படிங்க தப்பா வாசிக்கறது?”

கச்சேரி ஆரம்பித்தது. கிளமென்ட்டின் இடது கை பேஸை வாசித்தது. இடைவேளையில் நரசிம்மலு எனக்கு சோடா கொண்டுவந்து கொடுத்தார்.

“பேஸ்காரரு எங்கேன்னு ஒருத்தராவது கேட்டாங்களா அம்மணி?”

“நான் கேக்கறனுங்க.”

“நீங்க கேட்டு என்னங்க ஆகுது?” என்று சிரித்துக்கொண்டே கூட்டத்தைக் காட்டினார். காரமடையே திரண்டு உட்கார்ந்திருந்தது. குழந்தைகள் ஆடின, விசில் பறந்தது, பாட்டு நன்றாக இருக்கிறது, அடுத்ததைப் போடுங்கள் என்று கத்தினார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை.